லிமாவிலிருந்து லா பாஸுக்கு பஸ்ஸில்: கடற்கரையில் இரவு, மலையில் பகல்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பெருவின் லிமாவிலிருந்து பொலிவியாவின் லா பாஸ் வரை விமானம் ஏறாமல், பஸ்ஸிலேயே ஆண்டிஸ் மலையைக் கடந்து போக ஆசை. தனியாகப் போகும் பெண். மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. ஸ்பானிஷ் தெரியாது; சைவம். வழிப்பறி, அதலபாதாளம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?"

போகலாம். நானும் தனியாகத்தான் போனேன், இரண்டு முறை. முதல் முறை தப்பும் தவறுமாக, இரண்டாம் முறை ஓரளவு ஒழுங்காக. வழிப்பறியும் பள்ளத்தாக்கும் இரண்டாவது, மூன்றாவது கவலைகள். முதல் கவலை உயரம். அதைப் பற்றி உங்களிடம் யாருமே பேசவில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் பயணத்தில் நான் லிமாவில் மாலையில் ஏறி நேராக மலைநகரமான குஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்தேன். சுமார் 1100 கிலோமீட்டர். 21 மணி நேரம் என்றார்கள், 24 ஆனது. பாலைவனக் கடற்கரையை ஒட்டித் தெற்கே ஓடும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் நாஸ்கா வரை அருமையாகத் தூங்கினேன். அங்கேதான் பஸ் கிழக்கே திரும்பி மலை ஏறத் தொடங்குகிறது. நாஸ்கா ஊர் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து 90 கிலோமீட்டரில் பாம்பா கலேராஸ் என்ற காப்பகம், விக்குன்யா என்னும் ஒட்டக இனத்து விலங்குகள் மேயும் மேட்டுநிலம். அதன் உயரம் ஏறத்தாழ 4000 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ஏற்றத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை, தூக்கத்திலேயே, ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.

விழித்தபோது மண்டைக்குள் யாரோ அம்மிக் குழவியை உருட்டுவது போலிருந்தது. மடியில் கிடந்த சிப்ஸ் பொட்டலம் பலூனாக உப்பியிருந்தது. பக்கத்து இருக்கையில் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாக ஒரு பாட்டி. என் முகத்தைப் பார்த்து "சொரோச்சே" என்று ஒரே சொல்லில் நோயைச் சொல்லிவிட்டார். மலை உயரத்தால் வரும் கோளாறுக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு சின்னக் குப்பியிலிருந்து ஏதோ வாசனைத் திரவத்தைத் தன் உள்ளங்கையில் தேய்த்து என் மூக்கருகே பிடித்தார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு பிடி கொக்கா இலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். கூடவே கறுப்பாக ஒரு சாம்பல் உருண்டையிலிருந்து நகத்தளவு கிள்ளித் தந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எப்படியோ, கொக்காவுக்கு அந்தச் சாம்பல் அப்படி. எங்கள் பாட்டி வெற்றிலை போட்டுக்கொள்ளும் கை அசைவு, அப்படியே. வாய் மரத்தது, தலைவலி கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் புக்கியோ, அபாங்காய் என்று அடுத்தடுத்து வந்த ஊர்களில் எனக்கு நினைவிருப்பது பிளாஸ்டிக் பை மட்டும்தான். அபூரிமாக் ஆற்றின் அந்தப் பெரிய பள்ளத்தாக்கைக் கடந்தபோது கண்ணைத் திறக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய காட்சி அது.

விஷயம் எளிது. மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. 4000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைப்பதும் அவ்வளவே. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். நம் ஊர் அளவுகோலில் சொல்கிறேன்: ஊட்டி 2240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோர் ஏறிய உச்சபட்ச உயரம் அதுதான். குஸ்கோ நகரமே 3399 மீட்டர். தித்திகாக்கா ஏரியின் நீர்மட்டம் சுமார் 3810. லா பாஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எல் ஆல்ட்டோ 4150. 'ஊட்டியில் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்ற தைரியத்துக்கு இங்கே மதிப்பில்லை.

ஆகவே என் ஒரே விதி: கடற்கரையை இரவில் கடந்துவிடுங்கள், மலையைப் பகலில் ஏறுங்கள், ஏறுவதைத் துண்டுதுண்டாக ஏறுங்கள். பகலில் ஏறினால் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியும், தண்ணீர் குடிப்பீர்கள், ஓட்டுநரும் விழித்திருப்பார், கண்ணுக்கும் விருந்து. ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம் என்று மலைப்பாதையில் இரவு பஸ் பிடிப்பதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வாரத்துக்கு வழி இப்படி. லிமாவிலிருந்து அரெகிப்பாவுக்கு இரவு பஸ். 1000 கிலோமீட்டர், 15 முதல் 17 மணி நேரம், பெரும்பகுதி கடலோரம். அரெகிப்பா 2335 மீட்டர், அதாவது ஊட்டியைவிடச் சற்றே மேலே. நமக்கென்றே அமைந்த முதல் படி அது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான வெள்ளைக் கல்லால் கட்டிய ஊர்; தலைக்கு மேலே 5822 மீட்டர் உயர மிஸ்தி எரிமலை. மூன்று நாள் சும்மா சுற்றுங்கள். அடுத்து பகல் பஸ்ஸில் சிவாய். கோல்கா பள்ளத்தாக்கின் வாசல் அது, சுமார் 3600 மீட்டர். இந்தச் சாலை நடுவில் 4900 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். அங்கே பஸ் நின்றால் இறங்கிப் பாருங்கள், ஆனால் நிதானமாக நடங்கள். தரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கல் அடுக்குகள் இருக்கும். கணவாயைக் கடக்கிறவர்கள் மலைக்குக் காணிக்கையாக ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவது இன்காக்களுக்கும் முந்திய வழக்கம். நானும் ஒன்று வைத்தேன். குனிந்து நிமிர்ந்ததில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கோல்காவில் இரண்டு இரவு தங்கி, காலையில் பள்ளத்தாக்கின் விளிம்பில் காண்டோர் பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்த்துவிட்டு அரெகிப்பா திரும்புங்கள். அங்கிருந்து குஸ்கோவுக்கு ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை இரவு வண்டிகள். பகல் வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் இந்த ஓர் இரவை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் உடம்பு பழகியிருக்கும்.

மாத்திரை பற்றி: அசிட்டசோலமைடு என்ற மருந்தை மலை ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், ஆகவே ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் சகஜம். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். அதுதான் முதல் வைத்தியம்.

இனி பஸ். பெருவின் நீண்டதூர பஸ்கள் நாம் நினைப்பதைவிட நல்ல வண்டிகள். பெரும்பாலும் இரண்டு அடுக்கு. 'செமி காமா' என்றால் ஓரளவு சாயும் இருக்கை. 'காமா' என்றால் ஏறக்குறைய படுக்கும் இருக்கை. காமா என்ற சொல்லுக்கு ஸ்பானிஷில் கட்டில் என்று பொருள், டிக்கெட் எடுக்கும்போது சிரித்துவிடாதீர்கள். மேல் அடுக்கின் முன் வரிசையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் மலை முழுக்க நமக்கே சொந்தம். ஆனால் மோதல் என்று வந்தால் முதலில் அடிபடுவதும் அந்த வரிசைதான். நான் கீழ் அடுக்கில் நடு இருக்கையை எடுப்பேன், வயிறும் குலுங்காது. பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பயணிகளுக்குத் தெரியும்படி வேகம் காட்டும் சிவப்பு எண் பலகை இருக்கும், 90ஐத் தாண்டக்கூடாது. புறப்படும் முன் ஒருவர் வீடியோ கேமராவோடு வந்து ஒவ்வொரு முகமாகப் படம் பிடிப்பார். ஏறியவர் யார் என்ற பதிவு அது, கல்யாண வீடியோ மாதிரி பார்த்துச் சிரிக்கலாம். வண்டிக்குள் கழிப்பறை உண்டு, ஆனால் சிறுநீருக்கு மட்டும். இதை எல்லோரும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள், நீங்களும் கடைப்பிடியுங்கள்.

லிமாவில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே பஸ் நிலையம் என்று கிடையாது. பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனி நிலையங்கள் உண்டு, ஆகவே டிக்கெட்டில் உள்ள முகவரியைப் பார்த்துப் போங்கள். குஸ்கோ, புனோ போன்ற ஊர்களில் பொது நிலையம். அங்கே டிக்கெட் போக, நிலையத்தைப் பயன்படுத்தச் சின்னதாக ஒரு கட்டணச் சீட்டும் வாங்க வேண்டும். அது இல்லாமல் வாசலில் விடமாட்டார்கள். பொலிவியாவுக்குள் போய்விட்டால் கோயம்பேடு தோற்றது. "ஒரூரோ, ஒரூரோ, ஒரூரோஓஓ" என்று போகும் ஊரின் பெயரை ராகம் போட்டு ஆள் பிடிப்பார்கள்.

விபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் லிமாவுக்கு வடக்கே பாசமாயோ என்ற கடலோரச் செங்குத்துப் பாதையில் ஒரு பஸ் லாரியோடு மோதிக் கீழே விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாதை உங்கள் வழியில் இல்லை. ஆனாலும் மலிவான டிக்கெட்டுக்கு ஆசைப்படாமல், ஓட்டுநர்கள் இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். பருவமும் முக்கியம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். மலைச்சரிவு சேறும் கல்லுமாகச் சாலையில் வந்து விழும், 'வைகோ' என்பார்கள். (ஆம், நம் காதில் அப்படித்தான் விழும்.) மே முதல் செப்டம்பர் வரை வானம் துடைத்துவிட்டது போலிருக்கும், ஆனால் இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். கம்பளி வேண்டும்.

இன்னொன்று சாலை மறியல். பெருவின் தென்மலையிலும் பொலிவியாவிலும் அரசியல் கோபம் முதலில் இறங்குவது நெடுஞ்சாலையில்தான். 2022 டிசம்பரில் அதிபர் பெத்ரோ காஸ்தியோ பதவி நீக்கப்பட்ட பிறகு புனோ பக்கத்துச் சாலைகள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் மூன்று நாளாவது காலியாக விட்டுவையுங்கள். மறியலைத் தாண்டி நடந்து போய் அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உள்ளூர்ப் பெண்கள் நடக்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருட்டு பெரும்பாலும் மிரட்டி நடப்பதில்லை, அசந்த நேரத்தில் நடப்பது. தலைக்கு மேலுள்ள தட்டில் பையை வைக்காதீர்கள். காலடியிலும் வேண்டாம், பின் இருக்கைக்காரர் கை நீளலாம். மடியில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் உங்கள் மேல் யாராவது சாஸ் கொட்டிவிட்டுத் துடைக்க வந்தால், அழுக்கோடே விறுவிறுவென்று நடந்துவிடுங்கள். லா பாஸில் சாதாரண உடையில் போலீஸ் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கேட்டு, டாக்சியில் ஏறச் சொல்லும் ஏமாற்று வெகு நாளாக உண்டு. ஏறவே கூடாது. பக்கத்து இருக்கையில் பெண் இருக்கும் இடமாகக் கேட்டு வாங்கலாம், கூச்சப்பட வேண்டாம். "துணைக்கு யாரும் இல்லையா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கணவர் அடுத்த ஊரில் காத்திருப்பதாகச் சொல்லிவிடுவேன். எனக்குக் கணவரே இல்லை.

குஸ்கோவிலிருந்து புனோ, சுமார் 390 கிலோமீட்டர், கட்டாயம் பகலில். ஓரொபேசா என்ற ஊர் ரொட்டிக்குப் பேர்போனது, தட்டு அகலத்துக்கு வட்டமாக, லேசான இனிப்போடு. ஜன்னல் வழியே வாங்கலாம். விற்கும் பெண்ணை 'கசேரிதா' என்று கூப்பிடுங்கள். வாடிக்கை உறவுக்கான சொல் அது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொள்வார்கள். பாதி வழியில் லா ராயா கணவாய், 4300 மீட்டருக்கு மேல். அதைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். மஞ்சள் புல், அல்பாக்கா மந்தை, தூரத்தில் பனி. அந்தத் தட்டைநிலத்தில் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமில்லாமைக்காகவே நான் மறுபடி போனேன்.

சைவம்தானே கேட்டீர்கள்? மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நம் சமையலறைக்கு வந்தவை, ஆகவே பட்டினி கிடக்க மாட்டீர்கள். பெரிய மணி மக்காச்சோளத்தை வேகவைத்து ஒரு துண்டு வெள்ளைச் சீஸோடு வழியெங்கும் விற்பார்கள், என் மலைப்பயண உணவு முக்கால்வாசி அதுதான். ஓட்டலில் "சின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி அங்கே இறைச்சிக் கணக்கில் சேராது. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லி ஒப்புவியுங்கள். பொலிவியாவின் நிலக்கடலை சூப் தேவாமிர்தம், ஆனால் பெரும்பாலும் மாட்டெலும்பு ரசத்தில் கொதித்திருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

புனோவிலிருந்து தித்திகாக்கா ஏரிக்கரை ஓரமாகவே எல்லை. காசானி என்ற இடத்தில் எல்லோரும் இறங்கி, பெருவின் முத்திரை வாங்கி, ஒரு வளைவைக் கடந்து நடந்து, பொலிவியாவின் முத்திரை வாங்க வேண்டும். பஸ் அந்தப் பக்கம் காத்திருக்கும். இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். நான் தள்ளவில்லை. எல்லை தாண்டியதும் வரும் கோபகபானாவில் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்து வந்தபோது, நான் பிடிக்க வேண்டிய லா பாஸ் பஸ் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதுவும் நல்லதற்கே ஆனது. கோபகபானா மாதா கோயில் வாசலில் கார்களும் லாரிகளும் வரிசை கட்டி நின்றன. மாலை, தோரணம், காகிதப்பூ. பானெட்டில் இதழ் தூவி, சக்கரத்தில் மதுவை ஊற்றி, பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். வண்டி வாங்கியவர் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் பாக்கி. உள்ளே இருக்கும் மாதா சிலையை 1580களில் செதுக்கியவர் பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி என்ற உள்ளூர்ப் பூர்வகுடியினர். ஆனால் வாசலில் தரையில் ஊற்றப்படும் முதல் சொட்டு மது பாச்சமாமாவுக்கு, பூமித் தாய்க்கு.

அந்தப் பகுதியில் ஐமாரா பேசுகிறார்கள். அந்த மொழியில் இறந்தகாலத்தைக் குறிக்கும் 'நய்ரா' என்ற சொல்லுக்குக் கண், முன்புறம் என்று பொருள். எதிர்காலத்துக்கான 'கீபா', பின்புறம். நடந்து முடிந்தது கண்ணெதிரே இருக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால். இதை வியப்பாகப் படித்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: நாமும் 'முன்பு' என்று போனதையும் 'பின்பு' என்று வருவதையும்தானே சொல்கிறோம்.

கோபகபானாவிலிருந்து லா பாஸ் நான்கு மணி நேரம். நடுவில் திக்கினா நீரிணை. அங்கே பாலம் இல்லாமல்தான் நான் இரு முறையும் கடந்தேன். பயணிகள் இறங்கிச் சின்னப் படகில் போவார்கள். பஸ் மட்டும் ஒரு பலகைத் தெப்பத்தில் ஏறி, தனியாக, ஆடி ஆடி வரும். கரையில் நின்றுகொண்டு என் பெட்டி படுக்கையெல்லாம் ஏரி மேல் மிதந்து வருவதைப் பார்த்தேன். ஓர் அலைக்குத் தெப்பம் சாய்ந்தபோது கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை, நான் மட்டும்தான் "ஐயோ" என்றேன். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கரையில் கடற்படை வீரர்களைப் பார்த்தால் வியக்காதீர்கள். 1879ல் சிலியோடு தொடங்கிய போரில் கடற்கரையை இழந்த நாடு பொலிவியா. கடல் போனாலும் கடற்படை இருக்கிறது.

லா பாஸில் நாள் மீதமிருந்தால் யுங்காஸ் என்ற வெப்பமான மலைச்சரிவுப் பக்கம் இறங்கிப் பாருங்கள். 4600 மீட்டருக்கு மேலுள்ள கணவாயிலிருந்து கொரொய்கோவின் வாழைத்தோப்புக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 'மரணச் சாலை' என்று பெயர் எடுத்த பழைய பாதையில் இப்போது பெரும்பாலும் சைக்கிள்காரர்கள்தான் போகிறார்கள். பஸ்கள் புதுச் சாலையில். பழைய பாதையில் மட்டும் நாட்டு வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் ஓட்டுவார்கள். ஓட்டுநரின் இருக்கை இடப்புறம் என்பதால், வெளிச்சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று தலையை நீட்டிப் பார்க்க முடியும் என்பதே காரணம்.

கடைசியாகக் காகிதங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, இரு நாட்டுத் தூதரகங்களிலும் நேரடியாகக் கேளுங்கள். கொக்கா இலையும் கொக்கா டீத்தூளும் அங்கே பெட்டிக்கடைச் சரக்கு, இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். ஒரு பொட்டலம்கூடக் கொண்டுவராதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போகலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் அந்த வரிசையில் போய் நில்லுங்கள்.